கண்முன்னே அளந்த பெட்ரோல்

வட இத்தாலியின் லொம்பார்தி மாநிலத்தில், வரேசே மாவட்டத்தில், திரதாத்தே என்ற ஊர் இருக்கிறது. அங்கே வில்லா காஸ்திலியோனி என்ற பழைய மாளிகையை ஒட்டிய குதிரை லாயங்களில் இன்று பெட்ரோல் பம்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆளுயரத்தை விஞ்சிய இரும்புத் தூண்கள், உச்சியில் கண்ணாடி உருளைகள், கடிகாரத்தைப் போன்ற வட்ட முகங்கள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மின்னும் பூச்சு. ஃபிசோன்யி அருங்காட்சியகம் என்பது இதன் பெயர். 1892 தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலத்துப் பம்புகள் இருநூறு அளவுக்கு இங்கே சேர்ந்திருக்கின்றன. எண்ணெய் டப்பாக்கள், விளம்பரப் பலகைகள், காற்றடிக்கும் இயந்திரங்கள், சாலை வரைபடங்கள், பொம்மைகள் என்று இன்னும் ஆயிரக்கணக்கான பொருள்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கின்றன.

இதைத் தொடங்கிய குய்தோ ஃபிசோன்யி, பெட்ரோல் நிலையங்களைக் கட்டித் தரும் தொழிலில் இருந்தவர். அவர் சேகரிக்கத் தொடங்கிய 1966, இத்தாலி அவசர அவசரமாகக் காருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஃபியட் 600 என்ற சிறிய கார் 1955-இலும், அதைவிடச் சிறிய ஃபியட் 500 அதற்கு இரண்டாண்டு கழித்தும் வந்து, சம்பளக்காரர் வீட்டு வாசலிலும் கார் நிற்கும்படி செய்திருந்தன. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை 1964-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. புதிய சாலைக்குப் புதிய பங்க் தேவைப்பட்டது. பழையது இடிபட்டது. இடிபட்ட நிலையத்துப் பம்பு காயலான் கடைக்கு இரும்பு விலையில் போனது. ஒன்றைக் கட்டுகிறவரின் கண்ணுக்குத்தான் அந்த இடத்தில் முன்பு நின்றது என்ன என்பது முதலில் படும். அப்படிக் கண்ணில் பட்டவற்றை ஃபிசோன்யி எடுத்து வைத்தார். 2000-இல் இத்தொகுப்பு உலகின் மிகப் பெரிய பம்புத் தொகுப்பாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. மிலானுக்கு அருகே பலாட்ஸோலோ மிலனேசே என்ற ஊரில் இருந்த அருங்காட்சியகம், 2015-இல் திரதாத்தேக்கு இடம் மாறியது.

பெட்ரோல் பம்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சந்தையில் அரிசி வாங்குகிறவர் படியைப் பார்க்கிறார், தலை தட்டி அளக்கிறார்களா, கோபுரமாக அளக்கிறார்களா என்று கவனிக்கிறார். துணிக்கடையில் கோல் தெரிகிறது, பால்காரரிடம் உழக்கு தெரிகிறது. பெட்ரோலோ நிலத்துக்கடியில் ஒரு தொட்டியில் கிடந்து, இருட்டுக் குழாய் வழியாக ஏறி, இன்னோர் இருட்டுத் தொட்டிக்குள் போய்விடுகிறது. பணம் கொடுப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத பொருளின் அளவை அவர் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கையைத் தருவதற்காக நூறாண்டுகளாகச் செய்யப்பட்ட முயற்சிகள்தாம் இந்த அருங்காட்சியகத்தில் இரும்பும் கண்ணாடியுமாக நிற்கின்றன. ஒவ்வொரு பம்பையும் அந்தக் கேள்வியோடு பார்த்தால், அது ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது.

பம்புக்கு முன்பே கார் வந்துவிட்டது. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். அது பெட்ரோலைப் போன்ற ஒரு கரைப்பான். துணியில் கறை எடுப்பதற்காகப் புட்டியில் விற்கப்பட்டது. உலகின் முதல் பெட்ரோல் நிலையம் தங்கள் ஊர் மருந்துக்கடைதான் என்று வீஸ்லோக் இன்றும் பெருமை பேசுகிறது.

அந்நாளில் எண்ணெய் வணிகம் என்றால் மண்ணெண்ணெய் வணிகம். விளக்கெரிக்க அதுதான் வேண்டியிருந்தது. கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது முதலில் ஆவியாகி வந்த பெட்ரோல், எளிதில் தீப்பற்றும் வேண்டாத கழிவு. ஆகவே பம்பின் பிறப்பும் மண்ணெண்ணெயிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் என்ற நகரம். அங்கிருந்த சில்வேனஸ் பவுசர் என்பவர் 1885 செப்டம்பரில் உள்ளூர் மளிகைக் கடை ஒன்றுக்கு ஒரு மண்ணெண்ணெய் பம்பைச் செய்து விற்றார். கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் பக்கத்திலேயே வெண்ணெய்ப் பீப்பாய் இருந்ததாகவும், மண்ணெண்ணெய் கசிந்து வெண்ணெயில் வாடை ஏறிவிட்டதாகவும், அந்தத் தொல்லையைத் தீர்க்கவே பவுசர் இதைச் செய்ததாகவும் சொல்வார்கள். உருண்டையான தொட்டி, அதற்குள் மரத்தண்டு, பளிங்குக் கல்லால் ஆன அடைப்பான்கள், மேலே ஒரு கைப்பிடி. கைப்பிடியை உயர்த்தித் தாழ்த்தினால் எண்ணெய் வரும்.

இருபதாண்டு கழித்து, 1905-இல், பவுசர் அதையே பெட்ரோலுக்கு ஏற்றதாக்கினார். மரப்பெட்டிக்குள் இரும்புத் தொட்டி, கையால் இயக்கும் உறிஞ்சு பம்பு, காரின் தொட்டி வரை நீளும் ஹோஸ். தானே அளந்து கொடுக்கும் பம்பு என்ற பெயரில் அது விற்கப்பட்டது. அதுவரை கார்க்காரர் வாளியிலும் புனலிலும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஃபோர்ட் வேனில் வேன், டோக்ஹைம் என்ற மற்ற இரண்டு நிறுவனங்களும் வளர்ந்து, உலகின் பம்புத் தொழிலுக்கே அந்த ஊர் தலைநகராயிற்று. எதையும் முதலில் செய்தவரின் பெயர் பொருளுக்கே ஒட்டிக்கொள்வதுண்டு. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பம்பையே பவுசர் என்கிறார்கள். இலங்கையில் பவுசர் என்றால் எரிபொருள் ஏற்றி வரும் லாரி. பெட்ரோல் ஷெட்டுக்குப் பவுசர் வந்துவிட்டதா என்று கேட்கும் யாழ்ப்பாணத்தவர் வாயில், ஃபோர்ட் வேன் மளிகைக் கடைக்குப் பம்பு செய்தவரின் பெயர் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் நிலையத்துக்குப் பங்க் என்பதே பெயராக நிலைத்தது.

அளக்கும் கேள்விக்குப் பிரிட்டன் வேறு ஒரு விடை வைத்திருந்தது. அங்கே முதல் உலகப் போர் முடியும் வரை பெட்ரோல் பெரும்பாலும் 2 காலன் தகர டின்களில், முத்திரையிட்டு விற்கப்பட்டது. முத்திரை உடையாமல் இருந்தால் அளவு சரி. வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ. 1919-இல் லண்டனிலிருந்து பாத் நகருக்குச் செல்லும் சாலையில் ஆல்டர்மாஸ்டன் என்ற இடத்தில் தன் உறுப்பினர்களுக்காகப் பம்பு வைத்த நிலையம் ஒன்றைத் திறந்தது. பிராட்ஸ், ஷெல் என்று பெயர் புடைத்த அந்தப் பழைய டின்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவிலும் எண்ணெய் பெரும்பாலும் டின்களில் விற்கப்பட்டது. அந்த மண்ணெண்ணெய் டின்கள் நம் வீடுகளில் தண்ணீர் வாளியாகவும், கொல்லைப்புறத் தட்டியாகவும், கூரைத் தகரமாகவும் இன்னொரு வாழ்வு வாழ்ந்து முடித்தன. அதனால்தான் அவை அருங்காட்சியகங்களுக்கு அதிகம் மிஞ்சவில்லை.

பவுசர் காலத்துப் பம்புகளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: குருட்டுப் பம்பு. கைப்பிடியை ஒரு முறை முழுதாக இழுத்தால் ஒரு காலன் என்பது கணக்கு. முழுதாக இழுத்தாரா, முக்கால்தான் இழுத்தாரா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. தேய்ந்துபோன தோல் வளையம் வழியாகப் பாதி எண்ணெய் திரும்பக் கீழே ஓடினாலும் தெரியாது. 1908-இல் வந்த ஃபோர்டின் டி மாடல் கார், 1927-இல் நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாராயிற்று. கார் பெருகப் பெருக, அளவு குறைகிறது என்ற முணுமுணுப்பும் பெருகியது.

அதற்குக் கிடைத்த விடைதான் இந்தத் தொகுப்பிலேயே மிக அழகானது. பார்க்க வேண்டுமா, பாருங்கள் என்று பெட்ரோலைக் கண்ணாடிக்குள் ஏற்றிக் காட்டிவிட்டார்கள். 1910-களில் தோன்றி 1920-களில் சாலையெங்கும் பரவிய கண்ணாடிப் பம்பு இதுவே. உயரமான இரும்புத் தூண், அதன் உச்சியில் பெரிய கண்ணாடி உருளை. அமெரிக்காவில் பெரும்பாலும் 10 காலன், அதாவது ஏறக்குறைய 38 லிட்டர் கொள்ளும். பக்கத்தில் உள்ள நீண்ட நெம்புகோலைப் பணியாள் முன்னும் பின்னும் ஆட்டுவார். நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று மேலேறி உருளையை நிறைக்கும். உருளைக்குள் நட்ட கம்பியில் காலன் எண்கள் பொறித்த சிறு தகடுகள், மேலிருந்து கீழாக. விளிம்புக்கு மேல் ஏறும் பெட்ரோலை ஒரு வழிகுழாய் மறுபடி நிலத்தடிக்கே கொண்டு சேர்த்துவிடும் என்பதால், தொடக்க மட்டம் எப்போதும் ஒன்றே. பிறகு அடைப்பானைத் திறந்தால், இயந்திரம் எதுவும் இல்லாமல், தன் எடையாலேயே பெட்ரோல் ஹோஸ் வழியாகக் காருக்குள் இறங்கும். மட்டம் எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அத்தனை காலன். இத்தனை நேர்மையான இயந்திரம் வணிக உலகில் அரிது. அளக்கும் பாத்திரத்தைத் தூணின் உச்சியில் ஏற்றி ஊரார் எல்லோரும் பார்க்க வைத்தது அது.

கண்ணாடி வந்ததும் இன்னொன்றும் நடந்தது. பெட்ரோலுக்கு இயல்பான நிறம் ஏறக்குறைய ஏதுமில்லை. உருளைக்குள் அது தண்ணீர் மாதிரி நின்றது. நிறுவனங்கள் சாயம் கலந்தன. ஒருவருடையது சிவப்பு, இன்னொருவருடையது நீலம், மற்றொருவருடையது பச்சை. இரவில் உள்ளே விளக்கெரிய, சாலையோரம் நிற்கும் சர்பத் குடுவைகள் போல அவை தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தன் நிறத்தைத் தேடி வந்தார்.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வேறு வடிவில் வந்தது. ஃபிரான்ஸிலும் அண்டை நாடுகளிலும் ஒரே பெரிய உருளைக்குப் பதில் 5 லிட்டர் கொள்ளும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை வைத்தார்கள். ஒன்று காருக்குள் காலியாகும்போது மற்றது நிரம்பிக்கொண்டிருக்கும். எத்தனை குடுவை இறங்கிற்றோ அத்தனை ஐந்து. குழந்தைகூட எண்ணிச் சொல்லிவிடும். காலனில் அளக்கும் அமெரிக்கத் தூணையும் லிட்டரில் அளக்கும் இந்த இரட்டைக் குடுவையையும் ஒப்பிட்டால் இரு கண்டங்களின் அளக்கும் பழக்கம் தெரிந்துவிடும்.

கண்ணாடிப் பம்புக்கும் குறைகள் இருந்தன. கார் இடித்தால் தலைக்கு மேலே 38 லிட்டர் பெட்ரோல் உடைந்து கொட்டும். ஆட்டி ஆட்டிப் பணியாளின் தோள் சலித்துப்போகும். எடுத்த எடுப்பில் தெரியாத ஒரு குறையும் உண்டு. பெட்ரோல் சூட்டில் விரியும், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் கிட்டத்தட்ட 1 சதவீதம். வெயிலில் காய்ந்த உருளையில் 10 காலன் என்று தெரிவது, நிலத்தடிக் குளிர்ச்சியில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று நம் ஊரில் சொல்லப்படுவதற்கும் இதுதான் அடிப்படை. ஆனால் இன்றைய நிலத்தடித் தொட்டியில் காலைக்கும் பகலுக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. கிடைக்கும் இலாபம் சில சொட்டுகளுக்கு மேல் இராது.

1920-களின் கடைசியில் மின்மோட்டார் நெம்புகோலை ஓய்வுக்கு அனுப்பியது. மோட்டார் பெட்ரோலை ஏற்றும்போதே அளக்க, உள்ளே ஒரு மீட்டர் வைக்கப்பட்டது. திட்டமான கொள்ளளவுள்ள சிறு அறைகள் மாறி மாறி நிரம்பிக் காலியாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தண்டு சுழலும். தண்டோடு இணைந்த முள், பம்பின் முகத்தில் உள்ள பெரிய வட்டத்தில் நகரும். கடிகார முகப் பம்பு என்று சேகரிப்பவர்கள் இதை அழைக்கிறார்கள். மணி பார்க்கத் தெரிந்தவர் எவரும் அளவு பார்க்கலாம். ஆனால் பெட்ரோல் மீண்டும் இருட்டுக்குள் போய்விட்டதே என்ற சந்தேகம் உடனே எழுந்தது. அதனால் ஹோஸ் தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து, அதற்குள் ஒரு சிறு காற்றாடியையும் விட்டார்கள். அளப்பதற்கு அதனால் பயன் ஏதுமில்லை. காற்று வரவில்லை, பெட்ரோல்தான் வருகிறது என்று வாங்குகிறவருக்குக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. கண்ணாடி உருளை போன பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கிண்ணம் பம்புகளில் நீடித்தது.

அளவு தெரிந்தது. பணம்? எத்தனை காலன், காலன் என்ன விலை என்று பணியாள் மனக்கணக்குப் போட வேண்டும், அல்லது பம்பில் ஒட்டிய வாய்பாட்டுத் தாளைப் பார்க்க வேண்டும். 1930-களின் முற்பகுதியில் வேன் நிறுவனம் கணக்கிடும் பம்பைக் கொண்டுவந்தது. மீட்டரின் தண்டு பல்சக்கரத் தொகுதி ஒன்றை இயக்கும். அன்றைய விலைக்கேற்ப எந்தச் சக்கரம் எதோடு பொருந்த வேண்டும் என்பதைக் கைப்பிடிகளால் அமைத்துவிட்டால், அளவு ஒரு வரிசையிலும் பணம் மறு வரிசையிலும் எண்கள் உருண்டு வரும். மின்னணு எதுவும் இல்லாத, முழுக்க முழுக்கப் பல்சக்கரத்தால் ஆன பெருக்கல் இயந்திரம் அது. வீடர்ரூட் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த இந்தக் கணக்குப் பொறி அரை நூற்றாண்டு உலகெங்கும் பம்புகளின் நெஞ்சுக்குள் இருந்தது. அமெரிக்காவில் 1979-இல் காலன் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது அது விழி பிதுங்கியது. அங்கிருந்த பல பொறிகளில் 99.9 சென்டுக்கு மேல் விலை வைக்க இடமே இல்லை. அரைக் காலன் விலையை வைத்து, வரும் தொகையை இரட்டித்து வாங்கினார்கள். சிலர் லிட்டர் கணக்குக்கு மாறினார்கள். விலை அத்தனை உயரும் என்று அதை வடிவமைத்தவர்கள் கனவிலும் எண்ணவில்லை.

பம்பு எத்தனை நுட்பமாக இருந்தாலும் அதை ஒருவர் சரிபார்க்க வேண்டும். பல நாடுகளிலும் எடை அளவு அதிகாரிகள் மீட்டரைச் சோதித்து, திருப்ப முடியாதபடி கம்பி கட்டி ஈய முத்திரை வைத்தார்கள். தொகுப்புகளில் உள்ள பழைய பம்புகளில் அந்த ஈயத் துண்டுகள் இன்னும் தொங்குவதைக் காணலாம். இந்தியப் பங்க்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் இருக்க வேண்டும், சந்தேகப்படும் எவரும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது விதி. ஜீரோ பாத்துக்குங்க சார் என்று பணியாள் சொல்வதும் அந்தப் பழைய கண்ணாடி உருளையின் தொடர்ச்சியே.

பம்பின் தலையில் ஒரு கிரீடமும் இருந்தது. பால் நிறக் கண்ணாடியால் ஊதிச் செய்த விளக்குக் குண்டு. உள்ளே பல்பு எரிய, நிறுவனத்தின் சின்னம் இருளில் ஒளிரும். ஷெல் நிறுவனத்துக்குச் சிப்பி வடிவிலேயே, ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குக் கிரீட வடிவிலேயே ஊதினார்கள். பம்பைவிட எளிதில் உடையக்கூடியது இதுவே, ஆகவே இன்று கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். சேகரிப்பவர்கள் குண்டைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். எழுத்து கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருந்தால் மிகப் பழையது, உலோக வளையத்தில் இரு கண்ணாடித் தகடுகள் பொருத்தியிருந்தால் அடுத்தது, பிளாஸ்டிக் உடல் என்றால் பிற்காலத்தது.

சின்னங்களுக்கும் கதை உண்டு. ஷெல் நிறுவனத்தின் சிப்பி, லண்டனில் கீழை நாட்டுக் கடற்சிப்பிகளை விற்ற சாமுவேல் குடும்பத்தின் கடையிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் மார்கஸ் சாமுவேல்தான் 1892-இல் மியூரெக்ஸ் என்ற கப்பலில் மண்ணெண்ணெயைச் சூயஸ் கால்வாய் வழியாக முதன்முதலில் மொத்தமாகக் கொண்டுவந்தவர். மியூரெக்ஸ் என்பதும் ஓடுள்ள ஒரு கடல் நத்தையினத்தின் பெயரே. மொபிலின் சிவப்புப் பறக்கும் குதிரை கிரேக்கக் கதையிலிருந்து வந்தது. இத்தாலியின் அஜிப் நிறுவனத்துக்குக் கிடைத்ததோ தீ கக்கும் ஆறு கால் நாய். வடக்கே கோர்தெமஜோரே என்ற இடத்தில் 1949-இல் எண்ணெய் கிடைத்ததும், அஜிப்பை நடத்திவந்த என்ரிகோ மத்தேயி அதைச் சொந்த நாட்டுப் பெட்ரோலாக விற்க முனைந்தார். அதற்கான சின்னம் 1952-இல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆறு கால் ஏன் என்று கேட்டவர்களுக்கு, நான்கு காரின் சக்கரங்கள், இரண்டு ஓட்டுநரின் கால்கள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

இந்தச் சின்னங்கள் தாங்கிய பலகைகள் வெறும் பெயிண்ட் அல்ல. எஃகுத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைத் தூவிச் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் உருக்கி ஒட்டிய எனாமல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை சூளை. வெயிலும் மழையும் அதன் நிறத்தைத் தொடுவதில்லை. கல்லெறியோ துப்பாக்கிக் குண்டோ பட்டு எங்காவது சில்லு பெயர்ந்தால் மட்டும் அந்த இடத்தில் துரு நுழைந்து மெல்லப் பரவும். ஓரங்களில் துருவும் நடுவில் புத்தம் புதிய சிவப்புமாகப் பழைய பலகைகள் தெரிவதன் காரணம் இதுவே. இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பைத் திரட்டி ஆயுதமாக்கியபோது இவற்றில் பல உலைக்குப் போய்விட்டன.

ஒரு சொல் மட்டும் இந்தப் பலகைகளில் நெஞ்சை உறுத்துகிறது: எத்தில். எஞ்சின் தட்டும் ஓசையை நிறுத்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் 1921-இல் கண்டறிந்தார். 1923-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் எத்தில் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆனாலும் எத்தில் பெருமைக்குரிய பெயராயிற்று. சிவப்புச் சாயமிட்டுத் தனிப் பம்பில், கூடுதல் விலையில் விற்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதித்ததை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தியா 2000-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. எத்தில் பலகையை அதன் அழகுக்காக மட்டும் மாட்டி வைப்பது போதாது. அது என்ன விற்றது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நிலையம் என்ற கட்டடம் பம்புக்குப் பின்னால் வந்தது. முதலில் பம்புகள் கடைவாசலில், தெரு ஓரத்தில் நின்றன. பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் நிறுவனம் 1913 டிசம்பர் 1 அன்று, கார் உள்ளே ஓட்டி வந்து நிறுத்தும்படி கட்டிய நிலையத்தைத் திறந்தது. செங்கல்லில் கோபுரச் சாயலில் கட்டிய கூரை, இலவசக் காற்று, இலவசத் தண்ணீர், இரவெல்லாம் திறந்திருக்கும். காலன் 27 சென்ட். முதல் நாள் விற்றது 30 காலன். வந்தவர்களுக்கு அடுத்து எங்கே போவது என்று தெரிந்தால்தானே மேலும் பெட்ரோல் போடுவார்கள்! சாலை வரைபடத்தை இலவசமாகத் தரும் வழக்கத்தை அந்நிறுவனமே 1914-இல் தொடங்கியது. அமெரிக்கக் குடும்பங்கள் அறுபது ஆண்டுகள் பங்க்கில் கிடைத்த வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றின.

பிறகு கட்டடமே விளம்பரமாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தின் ஜில்லா என்ற ஊரில் 1922-இல் தேநீர்க் கூஜா வடிவில் ஒரு நிலையம் எழுந்தது. டீபாட் டோம் என்ற எண்ணெய் வயல் ஊழலைக் குத்திக்காட்டும் கட்டடம் அது. வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில் 1930-இல் கட்டிய பெரிய மஞ்சள் சிப்பி இன்னும் நிற்கிறது. எட்டாகக் கட்டியதில் மிஞ்சியது அந்த ஒன்றே. எல்லாவற்றிலும் துணிச்சலானது ஃபியட் டாலியேரோ. இத்தாலியின் காலனியாக இருந்த எரித்ரியாவின் அஸ்மாராவில், ஜுசெப்பே பெத்தாட்ஸி என்ற இளம் பொறியாளர் 1938-இல் விமான வடிவில் எழுப்பியது. இருபுறமும் 15 மீட்டர் நீளக் காங்கிரீட் இறக்கைகள், கீழே ஒரு தூண்கூட இல்லாமல். தூண் வைத்தே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னதாகவும், திறப்பு நாளன்று முட்டுக்கால்களை எடுக்கச் சொல்லி, மறுத்த மேஸ்திரியைத் துப்பாக்கி காட்டி பெத்தாட்ஸி மிரட்டியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, இறக்கைகள் விழவில்லை. போரையும் விடுதலைப் போராட்டத்தையும் தாண்டி நின்றன. 2017-இல் அஸ்மாரா நகரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சின்னங்கள் சாலையிலிருந்து மறைவதற்கு அரசியலும் காரணம். இலங்கையில் 1961-இல் பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் தோன்ற, வெளிநாட்டு நிறுவனங்களின் ஷெட்டுகள் அடுத்த சில ஆண்டுகளில் அதனிடம் வந்தன. இந்தியாவில் எஸ்ஸோ 1974-இல் இந்துஸ்தான் பெட்ரோலியமாயிற்று. 1928 முதல் ஊர் ஊராக எண்ணெய் விற்ற பர்மா ஷெல் 1976-இல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியமாக மாறியது. பழைய பலகைகள் இறக்கப்பட்டன. பர்மா ஷெல் என்று எழுதிய எனாமல் தகடு இன்று பழம்பொருள் கடையில் கிடைத்தால், அது ஏதோ ஓர் ஊர்ச் சாலையில் பல ஆண்டு வெயில் காய்ந்ததாகத்தான் இருக்கும்.

கிடைத்ததை என்ன செய்வது என்பதில் சேகரிப்பவர்களிடையே தீராத வழக்கு உண்டு. ஒரு பிரிவினர் பம்பை அக்கக்காகப் பிரித்து, துருவை உதிர்த்து, அசல் நிறத்தைப் பூச்சின் அடியடுக்கில் தேடிக் கண்டுபிடித்து, அன்று ஆலையிலிருந்து வந்தது போல ஆக்கிவிடுகிறார்கள். இன்னொரு பிரிவினருக்கு அந்தத் துருவும் கீறலும் கைப்பிடித் தேய்வும்தான் வரலாறு. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில், இயங்கும் முறை விளங்கும் அளவுக்குப் பழுது நீக்குவதும், அசல் பூச்சு பாதியாவது இருந்தால் அதைத் தொடாமல் விடுவதும் நல்லது. புதுப்பூச்சை எப்போது வேண்டுமானாலும் பூசலாம், பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போலிகளும் சந்தையில் ஏராளம். புதிதாக அச்சிட்ட சின்னம், செயற்கையாக ஏற்றிய துரு, ஒரு பம்பின் உடலில் வேறொன்றின் முகம். அசல் எனாமலில் நிறங்கள் கூடும் எல்லையை விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டும். அச்சிட்டதில் அது இராது.

பழுது பார்ப்பவருக்கு ஆபத்தும் உண்டு. பல்லாண்டு வறண்டு கிடந்த தொட்டியிலும் ஆவி மிஞ்சியிருக்கலாம். பழைய பூச்சிலும் ஈயம் கலந்திருக்கும், அதை உலர்ந்தபடியே தேய்த்தால் தூள் நுரையீரலுக்குள் போகும். வெட்டுவதற்கு முன் கழுவுவதும், ஈரப்படுத்தித் தேய்ப்பதும் இத்தொழிலின் பாலபாடம்.

இத்தனைக்கும் பிறகு, 1920-இல் செய்த பம்பை ஓட வைப்பது இன்றும் கடினமில்லை. தோல் வளையம் தேய்ந்திருந்தால் செருப்புத் தைப்பவரிடம் புதிதாக வெட்டிக்கொள்ளலாம், பித்தளை அடைப்பானை லேத்துப் பட்டறையில் கடைந்துவிடலாம், உடைந்த உருளையைக் கண்ணாடிக்காரர் ஊதித் தருவார். தொல்லை அதற்குப் பின் வந்த பம்புகளில்தான். 1970-களிலிருந்து பல்சக்கரக் கணக்குப் பொறியின் இடத்தில் மின்னணுப் பலகைகள் அமர்ந்தன. எண்கள் உருளுவது நின்று ஒளிரத் தொடங்கின. அந்தப் பலகையில் ஒரு சில்லு கருகினால், அதைச் செய்த ஆலை இன்று இல்லை, வரைபடமும் வெளியில் கிடைப்பதில்லை. திரதாத்தே லாயங்களில் உள்ள வரிசையும் கிட்டத்தட்ட அந்த இடத்தில், 1990-களை ஒட்டி, முடிகிறது.